மழையில் நனைந்த குடிலைத் தேற்றிய கதை

இடைக்காட்டூர் பக்கம் இருக்கும் அப்பத்தா வீட்டில் ஐப்பசி மழைக்கு ஓடு ஒழுகி, பரண் மேல் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெரியப்பா அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டு, "எல்லாம் சோலி முடிஞ்சுதுப்பா, விளாச்சேரியில புதுசா ஒரு செட்டு எடுத்துட்டு வந்துரு" என்றார். எனக்கு அதில் மறுப்பு இல்லை. அப்பத்தாதான் ஒத்துக்கொள்ளவில்லை, தாத்தா வாங்கி வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு எந்தப் பாலன் இயேசுவை முத்தமிட்டு முத்தி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அதனால் பெட்டி மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்து, 24ஆம் தேதி குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் குடிலில் வைத்துவிட வேண்டும் என்பது திட்டம். செய்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன், பரணில் இப்படி ஒரு பெட்டி இல்லாத கத்தோலிக்க வீடு நம் பக்கம் குறைவுதானே. கொலு பொம்மை வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும், மண் ஒன்றுதான்.

முதல் வேலை ஒட்டுவது இல்லை, உலர்த்துவது. ஈரமான மண் பொம்மையை வெயிலில் வைத்தால் மேல்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், அந்த இழுபறியில் விரிசல் விட்டுவிடும். ஹேர் டிரையரும் அதே கதைதான். பழைய வேட்டியை நான்காக மடித்து பீரோ மேல் விரித்து, ஒவ்வொரு சுரூபத்தையும், அதாவது மாதா, சூசையப்பர் என்று குடிலில் வைக்கும் ஒவ்வொரு பொம்மையையும், படுக்க வைத்து, ஃபேன் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொண்டேன். செய்தித்தாள் விரிக்க வேண்டாம், ஈரத்தில் மை ஒட்டிக்கொள்ளும். உலர்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு இருந்தால் போதும். ஏதாவது ஒரு பொம்மையைத் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வாருங்கள், எடை குறைவது நின்றுவிட்டால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப் போனது, சூசையப்பர் இன்றைக்கு மூன்று கிராம் இளைத்துவிட்டார் என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பாள்.

அடுத்து எது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். உடைந்த விளிம்பைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் இருந்தால் சுட்ட மண். சாம்பலும் பழுப்புமாக இருந்து, அடிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழுவழுவென்று சேறாகிறது என்றால் சுடாத பச்சை மண். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் கரையாது. வெள்ளையாக இருந்து நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இதைத் தெரிந்துகொள்ளாமல் பசையைத் திறக்கவே கூடாது, சுட்ட மண்ணுக்குச் செய்கிற வைத்தியம் பச்சை மண்ணுக்கு எமன்.

தாத்தா வாங்கிய செட் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, பிரித்துப் பார்த்தால் பாதிதான் தாத்தா வாங்கியது. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் இரண்டு பேர், ஒட்டகம் எல்லாம் நன்றாகச் சுட்ட மண், ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம். பாலன் பிளாஸ்டர். மூன்றாவது ராஜாவும் ஆடுகளும் பச்சை மண், வேறு கை, மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது. எப்போதோ உடைந்து, எப்போதோ வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அப்பத்தாவிடம் இதைச் சொல்லவில்லை.

இனி பழைய ஒட்டு வேலைகள். இந்தப் பெட்டியில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் மழையால் வந்தது இல்லை, எங்கள் சொந்தக்காரர்களால் வந்தது. எந்தச் சுரூபத்தில் யார் கை பட்டிருக்கிறது என்று ஒட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரியப்பா அவசரக்காரர், ஒரு நொடியில் பிடிக்கும் பசையைத்தான் எதற்கும் எடுப்பார். கழுதையின் காதில் அது கண்ணாடி மாதிரி வழிந்து உறைந்திருந்தது, காதும் கொஞ்சம் கோணல். சித்தப்பா கட்டட வேலை எடுத்துச் செய்பவர், அவர் ஒட்டகத்தின் கழுத்துக்குள் கட்டுக்கம்பியைச் செருகி சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். கம்பி துருப்பிடித்தது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்தே கழுத்தைப் பிளந்துவிட்டது. கான்கிரீட் தூணில் நடப்பதும் இதேதான், அவருக்கே தெரிந்த விஷயம், ஒட்டகத்துக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை போல. அத்தை கல்யாணத்துக்கு முன்னால் மாதாவின் உதட்டுக்கு நெயில் பாலிஷ் தீட்டியிருக்கிறார். அது மட்டும் இன்றுவரை உரியவில்லை.

சூசையப்பரின் வலது கை தாத்தா ஒட்டியது. கருவேலம் பிசினில் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து ஒட்டியதாக அப்பத்தா சொல்வார். பிசின் தண்ணீரில் கரையும், ஆகவே பெட்டி நனைந்ததும் கை தானாகக் கழன்று பக்கத்தில் படுத்திருந்தது. உடைந்த பக்கம் கொஞ்சமும் சேதமில்லாமல் சுத்தமாக இருந்தது, ஈரத் துணியால் ஒரு துடை, திரும்ப ஒட்டத் தயார். பெரியப்பா ஒட்டிய காதோ, ஒட்டு விடாமல் ஒட்டுக்குப் பக்கத்தில் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பசை மண்ணைவிட வலுவாக இருந்தால் அடுத்த முறை விழும்போது புதிய இடத்தில்தான் உடையும், உடைசல் ஒன்று இரண்டாகும். பசை மண்ணைவிடச் சற்று மெலிவாக இருந்தால் பழைய இடத்திலேயே விடும், பேரன் திரும்ப ஒட்டிக்கொள்வான். பொம்மைக்குக் கடையில் கிடைக்கிற அதிக பலமான பசைதான் நல்லது என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தாத்தா கட்சி.

பழைய பசையை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். வெள்ளை ஃபெவிகால் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகிவிடும், சுட்ட மண்ணில் மட்டும் இதைச் செய்யலாம். நொடியில் பிடிக்கும் பசைக்கு அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் கிடைத்தாலும் சரி. காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒட்டின் மேல் மட்டும் வைத்து, இளகியதும் பிளேடால் வழித்து எடுக்க வேண்டும். பக்கத்தில் பட்டால் பெயிண்டும் கையோடு வந்துவிடும், அதனால் சுற்றிலும் செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இது சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு. வீட்டில் அப்போது அதிரசத்துக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது, மனைவி ஒரு பார்வை பார்த்தார், நான் தட்டு முட்டுகளோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். எப்படியும் அதைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஒட்டும் முறை சுலபம்தான். சுட்ட மண் பசையின் ஈரத்தை உடனே குடித்துவிடும், அதனால் ஒரு பங்கு ஃபெவிகாலில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து உடைந்த இரண்டு பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி முழுக்கக் காயவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் கலக்காத ஃபெவிகாலைக் கொஞ்சமாக ஒரு பக்கம் மட்டும் தடவிப் பொருத்தி அழுத்தி, பிதுங்கி வருவதை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். அப்புறம் யார் பிடித்துக்கொண்டு நிற்பது? ரப்பர் பேண்டு வழுக்கும், டேப் பெயிண்டைப் பிடுங்கும். ஒரு பெரிய சட்டி நிறைய அரிசியோ மணலோ எடுத்துக்கொண்டு, ஒட்டிய துண்டு நேர் மேலே நிற்கிற மாதிரி பொம்மையைச் சாய்த்து அதற்குள் புதைத்து விடுங்கள். துண்டின் சொந்தக் கனமே அதை அழுத்தி வைக்கும். சூசையப்பர் ஒரு ராத்திரி முழுக்க அரிசிச் சட்டியில் தலைகீழாக நின்றார். அந்த அரிசியில் மறுநாள் சோறு வடித்ததை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒட்டகத்தின் கழுத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தேன். தலை கனம், கழுத்து ஒல்லி, வெறும் பசை நிற்காது. துருப்பிடித்த கம்பியையும் சிமெண்டையும் பொறுக்கி எடுத்தபின் கையால் திருகும் சின்ன டிரில்லால் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஒரு விரற்கடை நீளம் வெட்டி வைத்தேன், துருப்பிடிக்காது, 2 மில்லிமீட்டர்தான் கனம். சைக்கிள் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். கம்பியை நிறுத்த எம்-சீல் என்ற பிசைந்து வைக்கும் பசை. அதில் இரண்டு உருண்டையும் சம அளவு எடுத்து, வரி வரியாகத் தெரியாமல் ஒரே நிறம் ஆகும்வரை பிசைய வேண்டும். அரைகுறையாகப் பிசைந்தால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிட வேண்டும்.

பச்சை மண் ஆடுகளுக்குத் தண்ணீர் கலந்த எதுவும் ஆகாது. தச்சு வேலைக்காரர்கள் பூசும் பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது, அதுதான் கைகொடுத்தது. ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு மண்ணுக்குள் இறங்கித் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. நிறம் கொஞ்சம் மஞ்சள் தட்டும், ஆட்டுக்கு அது அழகாகவே இருந்தது.

மூன்றாவது ராஜா தேறவில்லை. இடுப்புக்குக் கீழே சேறாகிப் பெட்டியின் அட்டையோடு அட்டையாக ஒட்டிப் போயிருந்தார். இரண்டு ராஜா வைத்தால் என்ன என்று சின்னவன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான், மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருப்பதால் ஆளும் மூன்றானது. ஆனால் வேதாகமத்தைக் காட்டி அப்பத்தாவை ஜெயிக்கும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆகவே விளாச்சேரி. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர், வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் சூசையப்பர்கள் வரிசையாக வெள்ளையடித்து நின்றார்கள், பக்கத்தில் விற்காத செட்டியார் பொம்மை ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தனி ராஜா கொடுப்பார்களா என்று சந்தேகத்தோடு கேட்டேன். வேலை செய்துகொண்டிருந்த அம்மா, "ஒத்த ராசாவ வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு, கதையைக் கேட்டபின் உள்ளே போய் ஒருவரைக் கொண்டுவந்தார். நல்ல சுட்ட மண், பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. மற்ற இருவரைவிட நான்கு விரல் உயரம் அதிகம். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

பெயிண்ட் அடிப்பதைப் பற்றி அந்த அம்மா சொன்னதுதான் எனக்குப் பயன்பட்டது. முதலில் வெள்ளைப் பூச்சு, அது இல்லாமல் மண் மேல் நேராக அடித்தால் நிறம் செத்துப் போய்விடும். அப்புறம் உடம்பு, உடை, நகை, கண் கடைசி. கண்ணை முதலில் எழுதிவிட்டால் அப்புறம் அடிக்கிற பெயிண்ட் எங்காவது தெறிக்கும். பழைய சுரூபங்களில் நான் பெயிண்ட் போன இடத்தில் மட்டும் தொட்டேன், முழுசாக அடித்துப் புதுசாக்கவில்லை. உடைந்த பள்ளங்களை சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400 நம்பர். அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்தால் சற்றுக் கருக்கும், அதனால் கலந்ததை முதலில் பொம்மையின் அடியில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். மாதாவின் நீலம் எத்தனை முறை கலந்தும் பளிச்சென்றே வந்தது. கடைசியில் மகள்தான் அதில் ஒரு துளி பழுப்பு விட்டாள், நாற்பது வருஷ அழுக்கு சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. உதட்டு நெயில் பாலிஷை நான் தொடவில்லை.

இடையில் புல். குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்றால் கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் மணலும் தென்னைநார்த் தூளும் பரப்பி நெருக்கமாகத் தூவிவிட வேண்டும், ஏழெட்டு நாளில் விரல் உயரம் வந்துவிடும். நான் முளைத்ததும் இருட்டு அறையில் வைக்கப் போனேன், எதிர்வீட்டு அக்கா தடுத்துவிட்டார். ஊர்ப் பொங்கலுக்கு வருஷா வருஷம் முளைப்பாரி போடுகிறவர் அவர். "இருட்டுல வச்சா மஞ்சளா நெட்டையா வரும் தம்பி, அது முளைப்பாரிக்கு அழகு. உங்க குட்டிச்சாமிக்குப் பச்சையா வேணும்னா சன்னலோரம் வையுங்க" என்றார். அப்படியே வந்தது. தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து வந்த தட்டு எங்களிடமே இருந்தது, அதில் அதிரசமும் கல்கலும் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். அச்சு முறுக்கு அந்த வருஷம் அச்சில் ஒட்டி ஒட்டி வந்தது, அது தட்டு ஏறவில்லை.

விளக்கு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய அரிசி பல்பு சீரியல் செட்டில் 6 வோல்ட் பல்புகள் நாற்பது வரிசையாகக் கோத்திருப்பார்கள், சேர்த்தால் 240 வோல்ட், ஒன்று போனால் எல்லாம் போகும். பல்பைத் தேடித் தேடி மாற்றுவது அந்தக் காலத்தில் மாமாக்களின் முழுநேர வேலை. இப்போது வரும் எல்.இ.டி. செட்டுகள் சூடாகாது, ஆனால் அதிலும் அடாப்டர் இல்லாமல் நேராகப் பிளக்கில் செருகுவது என்றால் அந்த மெல்லிய ஒயரில் வீட்டு மின்சாரம் அப்படியே ஓடுகிறது. வைக்கோல், ஈர மணல், கையை விட்டு ஆட்டை நகர்த்தும் பிள்ளைகள், இந்த மூன்றுக்கும் நடுவில் அதை வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. செல்போன் சார்ஜரில் செருகும் 5 வோல்ட் செம்புக்கம்பி விளக்கு டவுன் ஹால் ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது, குடிலுக்குள் அது போதும். வாசலில் தொங்கும் நட்சத்திரத்துக்கு வேண்டுமானால் வீட்டு மின்சாரம் வையுங்கள், அதிலும் பழைய குண்டு பல்பு வேண்டாம், காகிதம் கருகும்.

24ஆம் தேதி காலையில் மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை பஸ். ஒவ்வொரு சுரூபத்தையும் தலையணை உறைக்குள் விட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் கை, கொம்பு, காது எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து, தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினோம். பஸ்ஸில் பெட்டியைக் கீழே வைக்கக் கூடாது, அடியில் வரும் அதிர்வுதான் ஒட்டை விடவைக்கும், அதனால் மடியில். ஒட்டகம் பெட்டிக்குள் அடங்கவில்லை, மகள் தனியாக அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டு விலகித் தலை தெரிந்ததும் கண்டக்டர் ஒட்டகத்துக்கு அரை டிக்கெட் போடவா என்று கேட்டார். திருப்புவனம் வரை கூட்டம், முத்தனேந்தலில் இறங்கினால் பெரியப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியோடு நின்றார். பெட்டியை அதில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. ஆட்டோ பிடித்தோம், அவர் கோபித்துக்கொண்டு முன்னால் போனார்.

அப்பத்தா வீட்டுத் திண்ணையில் குடில் கட்டுவது தென்னங்கீற்றில். பெரியப்பாவும் சித்தப்பாவும் ஏற்கெனவே நான்கு கம்பு நட்டு கூரை வேய்ந்து வைத்திருந்தார்கள். பழுப்புத் தாளைக் கசக்கி மலை, மரத்தூளில் பாதை, தட்டோடு கேழ்வரகுப் புல். உயரமான ராஜாவை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது, பின்னால் மறைத்துவிடலாம் என்றார் சித்தப்பா. நான் முன்னால் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரிவது இயல்புதானே, மற்ற இரண்டு பேரும் தூரத்தில் வருகிற மாதிரி ஆகிவிட்டது. செட்டில் அளவு ஒத்துவராத பொம்மை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மாட்டின் ஒரு கொம்பு பெட்டியிலேயே இல்லை, தொழுவத்தில் நிஜ மாடு நிற்கும்போது எதற்கு ஒற்றைக் கொம்பு மாடு என்று சின்னவன் கேட்டான். பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார் என்று சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம், அவன் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான்.

சுரூபங்களை அப்பத்தா ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். சூசையப்பரின் கையைத் தடவி, "இது அவுக ஒட்டுனதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். அதே இடம்தான், பொய் இல்லை.

நடுச்சாமப் பூசைக்கு இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோயில். பிரான்சில் உள்ள ரைம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டியது, வயல்வெளி நடுவில் அந்தக் கூர்க் கோபுரங்களை இரவு வெளிச்சத்தில் முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பாலனைத் தீவனத் தொட்டியில் வைத்து, அப்பத்தா முதலில் முத்தி செய்தார். பிளாஸ்டர் பாலனின் நெற்றியில் முத்தம் விழுந்து விழுந்து பெயிண்ட் போயிருந்தது, அந்த இடத்துக்கு மட்டும் நான் வார்னிஷ் இரண்டு கை பூசியிருந்தேன். அது ரொம்ப அவசியம், வீட்டில் எல்லாரும் முத்தி செய்கிற சுரூபம் என்றால் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

25ஆம் தேதியைப் பற்றி எழுத வேலை நோக்கில் ஒன்றும் இல்லை. காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மத்தியானம் பிரியாணி, திண்டுக்கல்லிலிருந்து சின்னம்மா குடும்பம், ஒரே சத்தம். பிள்ளைகள் ஆடுகளை மேய்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒன்றும் உடையவில்லை, அரக்குப் பூச்சு தாங்குகிறது.

மறுநாள் மானாமதுரையில் அத்தை வீடு. மண்ணுக்குப் பேர் போன ஊர், கர்நாடகக் கச்சேரியில் வாசிக்கும் கடம் அங்கே செய்கிறார்கள். அதைச் செய்கிறவர்களைப் பார்த்து மண்ணைப் பற்றி நாலு விஷயம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன், விடுமுறை, யாரும் சக்கரத்தில் உட்காரவில்லை. ஆனால் அத்தை வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவில், ஒரு ஆடு நின்றது. சுட்ட மண், காதில் கறுப்புப் புள்ளி, நாங்கள் வைத்திருக்கும் பச்சை மண் ஆடுகள் மாதிரி இல்லை, மாதாவையும் சூசையப்பரையும் செய்த அதே கை. தாத்தா வாங்கிய உண்மையான செட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆடு. கல்யாணமாகி வரும்போது அழுதுகொண்டே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததாக அத்தை சொன்னார். கேட்டால் தருவீர்களா என்றேன். "உங்க பெரியப்பன் கையில குடுத்தா காதை உடைச்சு கோணலா ஒட்டிருவாரு, நான் தர மாட்டேன்" என்றார். மேற்கொண்டு பேச வழியில்லை.

ராஜாக்களை மூன்றாகச் சேர்த்துத் தொட்டிக்கு முன்னால் நகர்த்துவது மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6, அது பெரியப்பா பொறுப்பு, போட்டோ அனுப்பினார். உயரமான ராஜாவை நான் சொன்னபடி முன்னால் விடாமல் நடுவில் நிறுத்தியிருக்கிறார். ஒட்டுகளெல்லாம் நிற்கின்றன. எடுத்து வைப்பதற்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது இவ்வளவுதான்: காய்ந்த பருத்தித் துணியில் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது, வியர்த்துவிடும். கனமானது கீழே, பாலன் மேலே. மாதாவுக்குக் கலந்த நீலத்தைச் சின்ன மருந்துப் பாட்டிலில் மூடிப் பெட்டிக்குள்ளேயே போட்டிருக்கிறேன், எதில் எந்தப் பசை என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன், அடுத்து ஒட்டுகிறவர் அசிட்டோனைத் தேட வேண்டியதில்லை. பெட்டி பரணுக்குப் போகக் கூடாது, அப்பத்தாவின் இரும்புப் பெட்டிக்கு மேல். பங்குனிக்குள் கூரை ஓடுகளை மாற்றிவிடுகிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். ஆட்டைப் பற்றி அத்தை, அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தானே எடுத்துக்கொண்டு வந்து குடிலில் வைத்துவிட்டு, 6ஆம் தேதி திரும்பக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.